நனையாத ஒரு சட்டை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் வீவக வீட்டின் வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. தரை முழுதும் பொருள்கள். கறுப்புக் குப்பைப் பைகள் ஒரு கட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள் இரண்டு பெட்டி, நான்கு டார்ச் விளக்குகள், ஏழு ஜோடிக் காலுறைகள், மைலோ பொட்டலங்கள், கோடாலித் தைலம், இன்னும் என்னென்னவோ. நடுவில் என் தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தேசிய சேவையில் இருக்கும் அவனுக்கு இரண்டு வாரத்தில் புருணைக் காட்டில் பயிற்சி. கையில் உள்ள சொற்பப் பொருளை வைத்துக்கொண்டு, மழையிலும் ஈரத்திலும் சில நாள்கள் பிழைத்துக் காட்ட வேண்டும்.

அம்மா உள்ளேயிருந்து ஒரு ஸ்வெட்டரோடு வந்தார். ஒரு முறை ஊட்டிக்குப் போனபோது வாங்கியது.

"காட்டுல மழை பேஞ்சா குளிருமேடா. இதையும் வெச்சுக்கோ."

"அம்மா, அது புருணைம்மா, ஊட்டி இல்ல. இங்க மாதிரிதான் இருக்கும். குளிரெல்லாம் ஒண்ணும் இருக்காது," என்று தம்பி சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே தரையில், இதே போன்ற கடைச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஏறக்குறைய இதே பதிலைத்தான் நானும் அம்மாவிடம் சொன்னேன். ஸ்வெட்டர் வேண்டாம் என்பதில் அவன் சொன்னது சரி. குளிர் இருக்காது என்பதில் அவன் சொன்னது தவறு. அன்று நானும் அவனைப் போலவே தவறாக நினைத்திருந்தேன். அந்தத் தவறு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், குறைந்த பொருளோடு கடினமான இடத்துக்குப் போகிறவன் உண்மையில் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று நான் கருதுகிறேன் என்பதையும் இந்த ஆண்டு மலரில் எழுதலாம் என்று தோன்றியது. தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் தம்பிகளை மட்டும் எண்ணி இதை எழுதவில்லை. மலேசியப் பல்கலைக்கழகங்களில் பலாப்பெஸ் சீருடை அணியும் தோழர் தோழியரும், மகனுக்கோ தம்பிக்கோ பை கட்டிக் கொடுக்கும் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் ஒரு கேள்வி. வெப்பமண்டலத்தில் குளிரால் ஒருவருக்கு ஆபத்து வருமா?

ஒரு நாள் மாலை பேருந்து நிறுத்தத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு மழையில் ஓடி வந்ததை நினைத்துப் பாருங்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்டபத்தில் குளிர்சாதனம் 23 டிகிரியில் இருக்கும். பக்கத்தில் உலர்ந்த சட்டையோடு இருப்பவருக்கு அது இதமான காற்று. உங்களுக்கோ பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து, சூடாக ஒரு தே தாரிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும். இப்போது அந்த இரண்டு மணி நேரத்தைப் பத்து மணி நேரமாக ஆக்கிக்கொள்ளுங்கள். தே தாரிக்கை எடுத்துவிடுங்கள். முந்தைய நாள் சாப்பாட்டையும் பெரும்பாலும் எடுத்துவிடுங்கள். நாற்காலிக்குப் பதில் ஈர மண்ணைப் போடுங்கள். காட்டின் மழை இரவு அதுதான்.

இதில் மாயம் ஏதுமில்லை. தண்ணீர் காற்றைப் போல் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நம் உடலின் உள்வெப்பம் சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதை உடல்வெப்பக் குறைவு என்கிறார்கள். நடுவில் இருப்பது இரண்டே டிகிரி! அந்த இரண்டு டிகிரியை இழப்பதற்குப் பனிமலை தேவையில்லை. நனைந்த துணி, வீசும் காற்று, காலி வயிறு, களைத்த உடம்பு, நீண்ட நேரம் ஆகியவை சேர்ந்தால் போதும்.

இதற்கு ஒரு துயரச் சான்றும் உண்டு. 1995 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பயிற்சியில் இருந்த நான்கு பேர் உடல்வெப்பக் குறைவால் இறந்துபோனார்கள். அவர்கள் இறந்தது அலாஸ்காவில் அல்ல. வெயிலுக்கும் கடற்கரைக்கும் பெயர்போன புளோரிடாவில், ஒரு சதுப்பு நிலத்துத் தண்ணீரில் பல மணி நேரம் இருந்ததால் இறந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட, உடல் வலிமை மிக்க வீரர்கள் அவர்கள். குளிர் தசையைப் பார்த்துப் பயப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

இதெல்லாம் பின்னாளில் நான் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைவீதிதான். பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் இராணுவப் பொருள்கள் விற்கும் கடைகள் இருப்பது தேசிய சேவையாளர்களுக்குத் தெரியும். அங்கே போய் அரை நாள் சுற்றினேன். திசைகாட்டி பொருத்திய கைப்பட்டை வாங்கினேன். ஒன்பது கருவிகள் அடங்கிய மடக்குக் கத்தி வாங்கினேன். கைவிரல் அளவு மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றுகூட வாங்கினேன். ஒவ்வொரு பொருளை வாங்கியபோதும் பயம் சற்றே குறைந்தது. தயாராகிவிட்டேன் என்று நம்பினேன். உண்மையில் நான் பொருள் வாங்கவில்லை, என் பயத்துக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

காட்டுக்குள் இறங்குவதற்கு முன்பு பயிற்றுநர் எங்கள் பைகளைத் தரைவிரிப்பில் கொட்டச் சொன்னார். அனுமதிக்கப்பட்ட பட்டியல் ஒரு தாளின் பாதிக்குக்கூட வராது. அணிந்திருக்கும் சீருடை, மாற்றுச் சீருடை ஒன்று, காலுறை, மழைக்கான போஞ்சோ, பாராங், கொஞ்சம் கயிறு, தண்ணீர்ப் புட்டி, மெஸ் டின், விளக்கு, ஊதல், தீ மூட்டவும் தூண்டில் போடவும் சிறு பொருள்கள் அடங்கிய ஒரு தகரப் பெட்டி, முதலுதவிப் பொருள்கள். அவ்வளவுதான். என் மண்ணெண்ணெய் அடுப்பு வேறொரு மூட்டையில் போய்ச் சேர்ந்தது.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு வண்டியைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். இறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். மனப்பாடம் செய்தது மதிப்பெண்ணுக்காக. அதன் பொருள் புரிந்தது, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான சேற்று மேட்டில் ஏறியபோதுதான். எடுத்துப் போகாத ஒவ்வொரு பொருளுக்கும் என் முழங்கால்கள் அந்தப் பயிற்றுநருக்கு நன்றி சொல்லின.

ஆனால் அந்த அரை நாள் கடைவீதியில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. என் மாற்றுச் சீருடையைச் சுற்றி வைத்த பிளாஸ்டிக் பை. ஒரே ஒரு பை. அதன் ஓரத்தில் பாராங் உறையின் கொக்கி உரசி, சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு கிழிசல் விழுந்திருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஓர் ஓடையைக் கடந்தோம். இடுப்பளவுத் தண்ணீர். மாலை நான்கு மணிக்கு மழை பிடித்தது. காட்டில் மழை இரண்டு முறை பெய்யும் என்பார்கள். முதலில் வானத்திலிருந்து பெய்யும். அது நின்ற பின்பு மரங்களிலிருந்து பெய்யும். இருட்டும் முன் கூடாரமும் படுக்கையும் அமைத்தாக வேண்டும். எனக்குத் துணையாக ஒதுக்கப்பட்டவர் ஒரு மலாய் நண்பர். மெலிந்த உருவம். பேச்சும் குறைவு. இருவரும் கம்புகளை வெட்டிக் கட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு பரண் போட்டு, மேலே போஞ்சோவைக் கட்டினோம். பிறகு மாற்றுச் சீருடையை எடுத்தேன். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிழிந்து உதறி, அதையே போட்டுக்கொண்டு படுத்தேன். நண்பர் "எல்லாம் சரியா?" என்று கேட்டதற்கு, "சரி" என்றேன்.

இரவு எத்தனை மணி என்று தெரியாது. உடம்பு தன்போக்கில் உதறிக்கொண்டே இருந்தது. போஞ்சோவின் ஒரு முனைக் கயிறு தளர்ந்து தண்ணீர் உள்ளே ஒழுகியது. கட்டலாம் என்று எழுந்தேன். நூறு முறை கட்டிய முடிச்சு. விரல்கள் கேட்கவில்லை. கயிற்றைப் பிடிக்கிறேன், பிடித்தது தெரியவில்லை. நண்பர் விழித்துக்கொண்டு ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். என் நாக்கு தடித்துக் குழறியது எனக்கே கேட்டது. அவர் விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார். "கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடு," என்றார். தொட முயன்றேன். விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன.

அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ஈரச் சட்டையைக் கழற்றினார். தாம் போட்டிருந்த உலர்ந்த சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டினார். காட்டில் அவருக்கிருந்த ஒரே உலர்ந்த சட்டை அது. குப்பைப் பை ஒன்றைக் கிழித்துத் தமக்குப் போர்த்திக்கொண்டார். பிறகு ஊதலை எடுத்தார்.

"வேண்டாம், ஊதாதே" என்று கெஞ்சினேன். பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவர் ஊதினார். பயிற்றுநரும் மருத்துவ உதவியாளரும் வந்தார்கள். சூடாக, கொடூரமான இனிப்போடு ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். போர்த்தினார்கள். "எவ்வளவு நேரமாகக் குளிர்கிறது?" என்று பயிற்றுநர் கேட்டார். "ஒரு மணி நேரமாக" என்றேன். பொய். மாலையிலிருந்தே குளிர்ந்தது. அந்த நிலையிலும் பொய்!

என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. காலையில் பரிசோதித்துவிட்டுத் தொடரச் சொன்னார்கள். ஆபத்து முற்றுவதற்கு முன்பே ஒரு மெலிந்த கை அதைத் தடுத்துவிட்டது.

அந்த ஒரு மணி நேரப் பொய்யை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஏன் சொன்னேன்? கூச்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதன் அடியில் வேறொன்று இருந்தது. எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் தமிழன். அதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை. நானாகத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் தளர்ந்தால் நான் மட்டும் தளர்ந்ததாக ஆகாது, 'இவர்கள் இப்படித்தான்' என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். சிறுபான்மையாக வளரும் நம்மில் பலருக்கு இந்த நினைப்பு புதிதல்ல. வகுப்பில் புரியவில்லை என்று கை தூக்கத் தயங்குவதும், முதலாண்டில் பாடம் பிடிபடாமல் தவிக்கும்போது விரிவுரையாளரிடம் போகாமல் அறைக்குள் முடங்குவதும் இதே நோயின் வேறு அறிகுறிகள் அல்லவா? வீட்டிலும் "ஆம்பளப் பிள்ள அழக்கூடாது" என்று பாலோடு கலந்து ஊட்டியிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து, உடம்பு கூக்குரலிடும்போதும் வாய் "சரி" என்று சொல்லப் பழகிவிடுகிறது.

அது மானம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இனத்தின் பெயரைக் காப்பாற்றுவதும் அல்ல. நான் மயங்கி விழுந்திருந்தால் என்னைத் தூக்கிச் சுமக்க வேண்டியவர்கள் என் பிரிவினர்தான். அந்தச் சேற்று மேட்டில், இருட்டில், மழையில் அவர்கள் தூக்கியிருக்க வேண்டும். நான் மறைத்த குளிரின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றப் பார்த்தேன். இதில் என்ன வீரம் இருக்கிறது?

ஆகவே தயாரிப்பு என்பதைப் பற்றி என் கருத்து இதுதான். குறைந்த பொருளோடு போகிறவன் மூன்றைத் தயார் செய்ய வேண்டும். நனையாத ஓர் உடை, கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் கை, உண்மையைச் சொல்லும் வாய். மற்றவை எல்லாம் பிறகு.

உடையிலிருந்து தொடங்குகிறேன். ஈரமான காட்டில் இரண்டு உடைகளுக்கு இரண்டு வேலைகள். ஒன்று பகலுக்கு. அது நனையட்டும், சேறாகட்டும், கவலையில்லை. மற்றொன்று இரவுக்கு மட்டும். கூரைக்குக் கீழே வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். விடிந்ததும் அதைக் கழற்றி, உலர்ந்தபடியே பைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, மறுபடியும் அந்த ஈரச் சீருடையைப் போட வேண்டும். இராணுவத்தில் நான் செய்தவற்றில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், மலையேற்றமும் அல்ல, பட்டினியும் அல்ல. விடியற்காலையில் சில்லென்ற ஈரச் சட்டையை மறுபடியும் மார்பில் ஒட்டிக்கொள்வதுதான். அந்த மறுநாள் காலையில் நண்பரின் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பிடுங்கிக்கொண்டார். "இன்றைக்கு இரவு நமக்கு இது வேண்டும்," என்றார். 'எனக்கு' என்று சொல்லவில்லை. மாலை வரை அது அவர் பையில் இருந்தது. அன்று வெயில் வந்ததால் என் சீருடையும் காய்ந்தது. நல்ல வேளை.

அந்த உடையை இரண்டு பைகளில் கட்டுங்கள். ஒவ்வொரு பையிலும் காற்றைப் பிழிந்தெடுத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் வளையம் போடுங்கள். கூர்மையான எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. கட்டியதோடு நிறுத்தாதீர்கள், சோதித்துப் பாருங்கள். என் தம்பிக்கு அன்றிரவு நான் செய்து காட்டியது இதைத்தான். பழைய தமிழ் முரசுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக் கட்டினோம். குளியலறை வாளியில் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துப் பத்து நிமிடம் விட்டோம். எடுத்துப் பார்த்தால் ஓரப் பத்தி நனைந்திருந்தது. கடையில் வாங்கிய புதுப் பைதான்! வரவேற்பறையில் நனைந்த செய்தித்தாளால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தப் பாடத்தைக் காட்டில் படித்தால் விலை அதிகம்.

அடுத்து கால். நாள் முழுதும் ஈரக் காலணிக்குள் இருக்கும் பாதம் வெளுத்துச் சுருங்கி, தோல் உரியத் தொடங்கும். 1982-ல் போக்லாந்துப் போரில் குளிர்ந்த ஈர மண்ணில் நடந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலருடைய பாதங்கள் பாதிக்கப்பட்டன. குண்டு படாத கால்கள் அவை. தண்ணீரும் நேரமுமே போதுமாயின. இரவில் ஒரு முறையாவது காலணியைக் கழற்றி, துடைத்து, விரல் இடுக்குகளில் மாவு போட்டு, உலர்ந்த காலுறை அணியுங்கள். ஏழு ஜோடிக் காலுறை வேண்டாம். உலர்ந்திருக்கும் ஒரு ஜோடி, ஈரமான ஏழு ஜோடியைவிட மேல்.

படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். மழைக்குக் கூரை போடத் தெரிந்தவர்கள்கூட மண்ணை மறந்துவிடுகிறார்கள். ஈர மண் இரவெல்லாம் முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும். பரண் கட்ட நேரமோ கம்போ இல்லையென்றால், நல்ல தடிமனாக இலையைக் குவித்து அதன் மேல் படுங்கள்.

இனி, கை. முடிச்சை ஒளியில் கட்டுவது பெரிதல்ல. தண்ணீரில் நனைத்த கயிற்றை வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஐஸ் கட்டியைப் பிடித்து மரத்துப்போன விரல்களோடு கட்டிப் பாருங்கள். ஐந்து முடிச்சு அரைகுறையாகத் தெரிவதைவிட இரண்டு முடிச்சு உறக்கத்திலும் வரும் என்றால் அதுவே போதும். தீ மூட்டுவதும் அப்படித்தான். மழையில் நனைந்த கட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். பாராங்கால் பிளந்து, உள்பக்கத்தை மெல்லிய சுருள்களாகச் சீவினால் பற்றிக்கொள்ளும். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு நனைந்தாலும் எரியும். போர்னியோக் காடுகளில் சில பெருமரங்களின் பட்டையில் பிசின் கட்டியிருக்கும். மலாய்க்காரர்கள் டாமார் என்பார்கள், நம் வீட்டுக் குங்கிலியத்தின் உறவு. அதுவும் நன்றாக எரியும். அந்த வாசனையை முகர்ந்தபோது, காட்டின் நடுவே எங்கள் வீட்டுச் சாமியறை நினைவுக்கு வந்தது.

பொருள்களை எங்கே வைப்பது என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததே. ஆற்றில் பை போய்விட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊதல், தீ மூட்டும் பொருள், சிறு கத்தி ஆகியவை உடம்பிலேயே இருக்க வேண்டும். பாராங்கும் தண்ணீரும் இடுப்பில். உலர்ந்த உடையும் போஞ்சோவும் பையில். புறப்படும் முன் சில நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். உடம்பு நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டும். "காட்டில் பட்டினி கிடக்க வேண்டுமே, இப்போதே பழகலாம்" என்று முன்கூட்டியே வயிற்றைக் காயப்போட்ட ஒரு நண்பரை நான் பார்த்திருக்கிறேன். முதலில் நடுங்கத் தொடங்கியவர் அவர்தான்.

கடைசியாக, வாய். இதற்குப் பயிற்சி இல்லை என்று நினைக்காதீர்கள். உண்டு. துணைவரோடு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். "மணிக்கொரு முறை நான் உன்னைக் கேட்பேன், நீ என்னைக் கேள். 'சரியா' என்று கேட்க வேண்டாம், விரலைத் தொடச் சொல்." 'சரியா' என்ற கேள்விக்கு நம்மில் பெரும்பாலோரிடம் 'சரி' என்ற ஒரே பதில்தான் உண்டு. விரல் பொய் சொல்லாது. தடுமாறும் நடை, குழறும் பேச்சு, கேட்காத கை, காரணமில்லாத எரிச்சல், ஒதுங்கி உட்காரும் அமைதி ஆகியவற்றைத் தன்னிடம் ஒருவன் கண்டுபிடிப்பது அரிது. குளிர் முதலில் பறிப்பது அந்த அறிவைத்தான். அதனால் என்னைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். மிக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், தேறிவிட்டார் என்று நிம்மதி அடையாதீர்கள். அப்போதுதான் உதவி உடனே தேவை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். மூத்த மாணவர் ஒருவர் என்னிடமே கேட்டார். "சிரமப்படத்தானே அங்கே அனுப்புகிறார்கள்? எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டால் பயிற்சிக்கு என்ன அர்த்தம்? நாங்களெல்லாம் நனைந்துதான் கற்றுக்கொண்டோம்." அவர் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பசியும் களைப்பும் அந்தப் பயிற்சியின் பாடம். அவற்றை எந்தப் பட்டியலாலும் அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது. என் தம்பிக்குப் பதிலாக நான் போய்க் குளிரில் உட்கார முடியாது. ஆனால் கிழிந்த பையால் வரும் குளிர் பாடத்திட்டத்தில் இல்லை. அது வெறும் கவனக்குறைவு. சொல்லாமல் மறைத்த நடுக்கமும் பாடத்திட்டத்தில் இல்லை. எத்தனை தயார் செய்தாலும் காடு தன் பங்குச் சிரமத்தைக் கொடுத்தே தீரும். நம் பங்கையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவானேன்?

அன்றிரவு தம்பியும் நானும் தரையிலிருந்த பொருள்களை இரண்டாகப் பிரித்தோம். போகும் குவியல் சிறியது. போகாத குவியல் பெரியது. ஸ்வெட்டரை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன். நனைந்தால் பாறாங்கல்லாகிவிடும் என்று விளக்கினேன். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "அப்ப குளிர்னா என்னதான் பண்ணுவான்?" என்று கேட்டார்.

"பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லுவான்மா," என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். அவனிடம் அந்த இரவைப் பற்றி நான் அதுவரை சொன்னதே இல்லை. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் காட்டையும் மலையையும் வென்று வந்தவன் என்ற பெருமை அவனுக்கு. அந்தப் பெருமையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைக் கலைக்காமல் விட்டால், அவனும் ஒரு நாள் மழையில் படுத்துக்கொண்டு "சரி" என்று சொல்வான். என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். எனவே கிழிந்த பை, கேட்காத விரல், கெஞ்சிய கெஞ்சல், ஒரு மணி நேரப் பொய் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷமா ஏண்டா சொல்லல?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மூத்தவர்களான நாம் தம்பி தங்கையருக்குப் பட்டியல் கொடுக்கிறோம், பழைய குறிப்பேடு கொடுக்கிறோம், எந்தக் கடையில் எது மலிவு என்று சொல்லிக் கொடுக்கிறோம். நாம் தடுமாறிய இடத்தை மட்டும் மறைத்துவிடுகிறோம். அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களே, உங்களிடமும் அப்படி ஓர் இரவு இருக்கும். அடுத்து அந்த வழியில் போகும் ஒருவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

என் நண்பருக்கு அந்தச் சட்டைக்காக இன்றுவரை நான் சரியாக நன்றி சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவரால் வாசிக்க முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. தம்பி காட்டிலிருந்து திரும்பியதும் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.